துருவுக்கும் ஃபாரடே விதிக்கும் என்ன தொடர்பு?

2025 ஜூன் 3, காலை (இழையைத் தொடங்கிய வாசகர்)

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலில் மின்னாற்பகுப்பும் அரிமானமும் (துருப்பிடிப்பதுபோல் உலோகம் அரிக்கப்படுவது) ஒரே அலகில் வருகின்றன. எனக்கு இது பொருத்தமாகத் தெரியவில்லை. மின்னாற்பகுப்பில் மின்கலத்தை நாம் இணைக்கிறோம், மின்னோட்டம் பாய்கிறது, ஃபாரடே விதிப்படி, பாய்ந்த மின்னூட்டத்தின் அளவுக்கேற்ப உலோகம் கரைகிறது அல்லது படிகிறது. வாசலில் கிடக்கும் இரும்புக் கம்பியில் யாரும் மின்கலத்தை இணைப்பதில்லை. இரும்பு ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து துருவாகிறது, அவ்வளவுதான். இதில் ஃபாரடேக்கு என்ன வேலை? தேர்வுக்கு வெளியே இந்த விதியைக் கொண்டு துருவை யாராவது கணக்கிட்டிருக்கிறார்களா?

ஜூன் 3, இரவு

கணக்கிட்டிருக்கிறார்கள். என் பிழைப்பே பல ஆண்டுகள் அந்தக் கணக்கில்தான் ஓடியது. மண்ணுக்கடியில் செல்லும் எஃகுக் குழாய்களை அரிமானத்திலிருந்து காக்கும் கேத்தோடு பாதுகாப்புப் பணியில் இருந்தவன் நான். களத்தில் அதைச் சுருக்கமாக சி.பி. என்போம்.

வாசலில் கிடக்கும் கம்பியில் யாரும் மின்கலத்தை இணைக்கவில்லை என்பது உண்மை. ஈரம் பட்டதும் அந்தக் கம்பியே மின்கலமாகிவிடுகிறது என்பதும் உண்மை. ஈரப்படலத்தின் அடியில் ஓர் இடத்தில் இரும்பு அணுக்கள் தம் எலக்ட்ரான்களில் இரண்டிரண்டை உலோகத்திலேயே விட்டுவிட்டு அயனிகளாக நீருக்குள் இறங்குகின்றன. அந்த எலக்ட்ரான்கள் கம்பிக்குள்ளேயே நகர்ந்து வேறோர் இடத்தை அடைந்து, அங்கே நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை ஹைட்ராக்சைடு அயனியாக ஒடுக்குகின்றன. முதல் இடம் ஆனோடு, அடுத்தது கேத்தோடு. உலோகம் எலக்ட்ரான்களுக்குப் பாதை, ஈரம் அயனிகளுக்குப் பாதை. இடையில் மின்னோட்டமானியைச் செருக வழியில்லை என்பதற்காக மின்னோட்டமே இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

மின்னோட்டம் எங்கிருந்து வந்தது என்று ஃபாரடே விதி கேட்பதில்லை. உலோகத்துக்கும் மின்பகுளிக்கும் (அயனிகளால் மின்னோட்டத்தைக் கடத்தும் ஈரத்துக்கும்) இடையிலான எல்லையை எத்தனை கூலும் (மின்னூட்டத்தின் அலகு) மின்னூட்டம் கடந்தது என்று மட்டுமே கேட்கிறது. 1932இல் கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவான்ஸும் டி. பி. ஹோரும், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் பாதி மூழ்கிய எஃகுத் தகட்டை எடுத்துக்கொண்டு, அதன் ஆனோடுப் பகுதிக்கும் கேத்தோடுப் பகுதிக்கும் இடையே ஓடிய மின்னோட்டத்தை அளந்தார்கள். அந்த மின்னோட்டத்தை ஃபாரடே விதியில் போட்டுக் கிடைத்த எடையும் தகடு உண்மையில் இழந்த எடையும் ஒத்துப்போயின. வெளியிலிருந்து எந்த மின்கலமும் அங்கே இணைக்கப்படவில்லை.

ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலும். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுவதும் பாய்ந்தால் ஏறத்தாழ 3.16 கோடி கூலும், அதாவது 327 மோல் எலக்ட்ரான். இரும்பின் சமான எடை, அதாவது அணு எடையை அது விடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையான இரண்டால் வகுத்தது, 27.9 கிராம். இரண்டையும் பெருக்கினால் 9.1 கிலோ. எங்கள் தொழிலில் இந்த 9.1 தெரியாதவர் கிடையாது.

ஜூன் 4

"ஓர் ஆம்பியருக்கு ஆண்டுக்கு ஒன்பது கிலோ என்றால், மின்சாரம் பாயும் இரும்பெல்லாம் இந்நேரம் கரைந்து காணாமல் போயிருக்க வேண்டுமே" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். எலக்ட்ரான் உலோகத்துக்குள் ஓடுவதால் உலோகத்துக்கு ஒரு கேடும் இல்லை. மின்னோட்டம் உலோகத்தை விட்டு மின்பகுளிக்குள் வெளியேறும் இடத்தில்தான் இழப்பு. அது மின்பகுளியிலிருந்து உலோகத்துக்குள் நுழையும் இடம் கரைவதில்லை. இன்னும் சொன்னால் அந்த இடம் பாதுகாக்கப்படுகிறது. சி.பி. தொழிலின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கும்: குழாயின் எந்தப் புள்ளியிலும் மின்னோட்டம் வெளியேற விடக்கூடாது, வெளியேறியே தீர வேண்டும் என்றால், கரைந்துபோவதற்கென்று நாம் புதைத்து வைத்த வேறோர் உலோகத்திலிருந்து வெளியேறட்டும்.

ஜூன் 6

தொடங்கியவர் விடுவதாக இல்லை: "ஆக்சிஜன்தான் காரணம் என்றால், ஆக்சிஜன் அதிகம் கிடைக்கும் இடத்தில்தானே இரும்பு அதிகம் அரிக்கப்பட வேண்டும்? எங்கள் மாடித் தொட்டியின் தாங்கியில், திறந்த பகுதி நன்றாக இருக்கிறது. சேறு படிந்து மூடிய மூலைதான் ஓட்டையாகிவிட்டது."

இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் இதுவே சிறந்தது, ஏனென்றால் "இரும்பு ஆக்சிஜனோடு சேர்கிறது, அவ்வளவுதான்" என்ற அவருடைய முதல் கூற்றை அவருடைய தொட்டியே மறுத்துவிட்டது. நேரடியாகச் சேர்வது மட்டும்தான் நடக்கிறது என்றால் திறந்த பகுதிதான் முதலில் போயிருக்க வேண்டும். நடப்பதோ இது: ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் பகுதி கேத்தோடாகிறது, ஆக்சிஜன் எட்டாத, சேற்றுக்கு அடியிலுள்ள பகுதி ஆனோடாகிறது. ஆக்சிஜன் செலவாவது ஓரிடம், இரும்பு கரைவது வேறிடம்.

எவான்ஸ் இதை ஒரே ஒரு துளி உப்புநீரில் காட்டினார். மெருகேற்றிய எஃகின்மேல் அந்தத் துளியை வைத்து, அதில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபீனால்ஃப்தலீனும் சிறிது கலந்துவிட்டால், முதலில் நீலமும் இளஞ்சிவப்பும் புள்ளி புள்ளியாகத் தோன்றுகின்றன. சற்று நேரத்தில் அவை ஒழுங்குபட்டு, துளியின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் பிரிந்துவிடும். நீலம் இரும்பு கரைவதன் அடையாளம்; இளஞ்சிவப்பு ஹைட்ராக்சைடு உண்டாவதன் அடையாளம். காற்று எளிதில் நுழையும் விளிம்பில் இரும்பு கரைவதில்லை. துருவளையமோ இரண்டுக்கும் இடையில், அயனிகள் சந்திக்கும் இடத்தில் படிகிறது. துரு தெரியும் இடமே குழி விழுந்த இடமாக இருக்க வேண்டியதில்லை என்பதும் இதனால் விளங்கும்.

என் மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதையே வீட்டில் கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்த கூழில் ஆணியைப் பதித்துச் செய்தோம். சமையலறையில் சைனா கிராஸ் என்று வாங்குவார்களே, அதுதான். ஆணியின் கொண்டையும் கூர்முனையும் நீலமாயின, நடுத்தண்டு சிவந்தது. ஆணியைச் செய்யும்போது அடிபட்டு இறுகிய பகுதிகள் அவை. உள்ளே தகைவு தங்கிய உலோகம் எளிதில் கரைகிறது. ஒரே ஆணி, ஒரே கூழ், ஒரே காற்று. ஆனாலும் கரையும் இடம் தனி. மகளுக்குப் பரிசு கிடைத்தது. கூழ் பாயசத்துக்கு உரியதன்று என்று வீட்டில் எல்லோருக்கும் எச்சரிக்கை விடுக்க வேண்டியும் இருந்தது.

ஜூன் 7

வரலாறு கேட்டவருக்கு. விதியை ஃபாரடே வெளியிட்டது 1834இல். உருகிய வெள்ளீயக் குளோரைடின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதே சுற்றில் நீரைப் பகுக்கும் ஒரு கருவியையும் தொடராக இணைத்து, அங்கே சேர்ந்த வாயுவின் அளவை இங்கே படிந்த வெள்ளீயத்தின் எடையோடு அவர் ஒப்பிட்டார். நான்கு சோதனைகளின் சராசரியாக வெள்ளீயத்துக்கு அவர் பெற்ற சமான எடை 58.53, வேதியியலர்கள் அன்று தராசில் நிறுத்துக் கண்டிருந்தது 57.9. ஒரே அளவு மின்னூட்டம் வெவ்வேறு பொருள்களை அவற்றின் சமான எடை விகிதத்தில் விடுவிக்கிறது என்ற இரண்டாம் விதி இப்படித்தான் நிலைபெற்றது.

அதற்குப் பத்தாண்டுகள் முன்பே அவருடைய ஆசான் ஹம்ஃப்ரி டேவி அரிமானத்தில் கை வைத்துவிட்டார். ஆங்கிலேயக் கடற்படை, மரக் கப்பல்களின் அடிப்பாகத்தைக் கப்பற்புழுவிலிருந்தும் பாசியிலிருந்தும் காக்கச் செப்புத் தகடு பொருத்தி வந்தது. 1761இல் அலாரம் என்ற போர்க்கப்பலுக்கு முதலில் பொருத்திப் பார்த்தபோது, இரண்டே ஆண்டுகளில் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கூழாகிப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நலமாக இருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் கிழிபடாமல் அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் இடையில் சிக்கியிருந்ததே காரணம். வோல்ட்டா முதல் மின்கலமான தம் மின்னடுக்கைச் செய்ய இன்னும் 40 ஆண்டுகள்வரை இருந்த காலத்தில், கப்பலின் அடியில் மின்கலமும் அதைத் துண்டிக்கும் காப்புத் தாளும் ஒருசேரக் கிடைத்துவிட்டன. அவற்றை அப்படிப் படிக்கத்தான் ஆள் இல்லை.

பின்னர் கப்பல்களுக்குச் செம்பு ஆணி வந்தது. அப்போது செப்புத் தகடே கடல்நீரில் கரைவது சிக்கலாயிற்று. 1824இல் டேவி சொன்ன மருந்து: செம்போடு சிறிய துத்தநாகத் துண்டையோ வார்ப்பிரும்புத் துண்டையோ தொட வைத்தால் அது கரையும், செம்பு தப்பும். கொச்சியில் கட்டப்பட்டு 1822இல் நீரில் இறங்கிய சமராங் என்ற கப்பலிலும் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். மின்வேதியியல் முழு வெற்றி; செம்பு கரையவில்லை. கப்பலுக்கோ தோல்வி: சிப்பிகளையும் பாசியையும் விரட்டியது கரைந்து வந்த செம்பு அயனிகள்தாம் என்பதால், கரையாத செம்பின்மேல் அவை செழித்து ஒட்டிக்கொண்டன, கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. நம் கடற்கரையில் எஃகு உடல் கொண்ட விசைப்படகுகளின் அடியில் இன்று துத்தநாகக் கட்டிகளைப் பற்றவைத்திருக்கிறார்களே, அது டேவியின் மருந்துதான். எஃகுக்குக் கரைவதால் வரும் இலாபம் ஏதுமில்லை என்பதால் இங்கே பலிக்கிறது.

ஜூன் 10

"ஆண்டுக்கு ஒன்பது கிலோ போனால் போகட்டும், பல கிலோமீட்டர் நீளக் குழாயில் அது என்ன பெரிய இழப்பு?" என்ற கேள்விக்குச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஃபாரடே விதியைப் படித்தவர்கள் வழுக்கும் இடம் இதுதான்.

ஃபாரடே விதி ஒரு தராசு. எவ்வளவு போயிற்று என்று அது சொல்லும். எங்கிருந்து போயிற்று என்று சொல்லாது. ஒன்பது கிலோ இரும்பு முழுக் குழாயின் மேற்பரப்பிலிருந்தும் சீராகப் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதே மின்னோட்டம் மேற்பூச்சு பெயர்ந்த சிறு ஓட்டையின் வழியே மட்டும் வெளியேறினால் கதை வேறு. ஒரு சதுர சென்டிமீட்டர் எஃகிலிருந்து ஒரு மில்லி ஆம்பியர் வெளியேறினால் அந்த இடம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.6 மில்லிமீட்டர் ஆழம் அரிக்கப்படும். எட்டு மில்லிமீட்டர் சுவருள்ள குழாய் எட்டு மாதத்தைச் சற்றே தாண்டி ஓட்டையாகும். இழந்த எடையைக் கணக்கிட்டால் ஆறரை கிராம்கூட வராது. குழாயின் மீதிப் பகுதி புதுக்கருக்கு மாறாமல் இருக்கும்.

பூச்சைப் பற்றி மக்கள் எளிதில் நம்பாத ஒன்று இதிலிருந்து வருகிறது. செம்பும் எஃகும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், கரையும் எஃகுக்குத்தான் பூச்சு அடிக்க வேண்டும் என்று தோன்றும். எஃகுக்கு மட்டும் அடித்தால் பூச்சிலுள்ள ஊசித்துளை ஒவ்வொன்றிலும் பெரிய செம்புப் பரப்பின் மின்னோட்டத் தேவை முழுவதும் வந்து குவியும். பூச்சு இல்லாதிருந்தால் மெல்லப் பரவலாகக் கரைந்திருக்கும் எஃகு, பூச்சு அடித்ததால் துளைபட்டுப் போகும். ஒன்றுக்குத்தான் பூச்சு என்றால் செம்புக்கு அடியுங்கள். அலாரம் கப்பலின் ஆணிகள் அவ்வளவு விரைவில் போனதற்கும் இதுவே காரணம்: கடல் போலப் பரந்த செம்பு, அதன் நடுவே ஆணி அளவு இரும்பு. விகிதம் தலைகீழாக, இரும்புத் தகட்டில் செம்பு ஆணியாக இருந்திருந்தால் பல காலம் தாங்கியிருக்கும்.

குழாயில் மின்னோட்டத்தை வெளியேற்றும் ஆபத்துகளில் பெரியது தடம் மாறிய நேர்திசை மின்னோட்டம். மின்சார இரயில் தண்டவாளத்தின் வழியே திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு மண்ணில் இறங்கி, வழியில் கிடக்கும் குழாயில் ஏறி, துணைமின் நிலையத்துக்கு அருகில் மீண்டும் மண்ணில் இறங்கும். இறங்கும் இடத்தில்தான் 9.1 கணக்கு. மும்பைப் புறநகர் இரயில்கள் 1925 முதல் 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் ஓடி, 2016இல்தான் முழுவதுமாக மாறுதிசைக்கு வந்தன. சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் என்பதால் இந்தக் கவலை அங்கே குறைவு. பெங்களூருவும் கொச்சியும் 750 வோல்ட் நேர்திசை மூன்றாம் தண்டவாளத்தைத் தேர்ந்தவை, அங்கே தண்டவாளத்தைத் தரையிலிருந்து காப்பிட்டு வைப்பதும் கசியும் மின்னோட்டத்தைக் கண்காணிப்பதும் தொடர்ந்த வேலை.

அளப்பது எப்படி என்று கேட்டவருக்கு: செம்பு–செம்பு சல்ஃபேட் அரைமின்கலத்தை (செம்பு சல்ஃபேட் கரைசலில் செம்பை வைத்த ஒப்பீட்டு மின்முனை) குழாய்க்கு மேலே மண்ணில் ஊன்றி, குழாயோடு இணைத்த கம்பிக்கும் அதற்கும் இடையே மின்னழுத்தம் பார்ப்போம். −850 மில்லி வோல்ட்டோ அதைவிட எதிர்த்திசையில் கூடுதலாகவோ இருந்தால் குழாய் காப்பில் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் 1928இல் எரிவாயுக் குழாய்க்கு இவ்வகைப் பாதுகாப்பு அளித்த ராபர்ட் கூன் என்பவரின் பணியிலிருந்து வந்த எண் இது. கோடையில் மண் வறண்டு கிடந்தால் அரைமின்கலம் தொடர்பு பெறாது. ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு ஊன்ற வேண்டும். வயல்வெளியில் இதைச் செய்யும்போதெல்லாம் யாராவது வந்து, "நீரோட்டம் பார்க்கிறீர்களா? எங்கள் கொல்லைக்கும் ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்பார்கள். மின்னோட்டம் பார்க்கிறேன் என்று சொன்னால் மண்ணுக்குள் ஏது மின்னோட்டம் என்று நம்பாமல் போய்விடுவார்கள். தொடங்கியவரும் அந்தக் கட்சிதான்.

ஜூன் 11

நேற்றும் அதற்கு முன்பும் எழுதிய 9.1க்கு வரம்பு குறிக்க வேண்டும். வேதியியல் ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பது நியாயம்.

"துருவில் இருப்பது மும்மை இணைதிற இரும்பு, அப்படியானால் சமான எடை 18.6, ஆண்டுக்கு 6.1 கிலோதானே?" உலோகத்தை விட்டு வெளியேறும்போது இரும்பு இரண்டு எலக்ட்ரான்களைத்தான் விட்டுச் செல்கிறது. மூன்றாவதை அது பிறகு, கரைசலில், ஆக்சிஜனிடம் நேரடியாக இழக்கிறது. அந்த எலக்ட்ரான் குழாயின் வழியே ஓடுவதில்லை. ஆகவே குழாயின் கணக்குக்கு 9.1தான் சரி.

மறுபுறம், வெளியேறும் மின்னோட்டம் முழுவதும் உலோகத்தைக் கரைக்கத்தான் செலவாகும் என்பதற்கு உறுதி இல்லை. பிளாட்டினம் பூசிய டைட்டானியத்தை ஆனோடாக வைத்தால் மின்னோட்டம் அதிலிருந்து வெளியேறும், ஆனால் கரைவது அதன் உலோகமன்று. நீரிலுள்ள குளோரைடு குளோரினாகும் அல்லது நீரே ஆக்சிஜனை விடும். மக்னீசியத்தில் நேர்மாறான விந்தை உண்டு: கணக்குப்படி ஓர் ஆம்பியர்-ஆண்டுக்கு 4 கிலோ கரைய வேண்டும், மண்ணில் புதைத்தால் ஏறத்தாழ 8 கிலோ கரைகிறது. பாதி மக்னீசியம் நமக்காகக் கரைகிறது. மீதி, தன் மேற்பரப்பிலேயே ஹைட்ரஜனை விடுவித்துக்கொண்டு தனக்காகக் கரைகிறது. இரண்டு வினைகளையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் விதி பிசகவில்லை. துத்தநாகத்தில் இந்த வீண் செலவு மிகக் குறைவு. ஓர் ஆம்பியர்-ஆண்டுக்கு 10.7 கிலோ என்ற கணக்குக்கு அருகிலேயே நிற்கும்.

ஜூன் 14

டெல்லி இரும்புத் தூணை யாராவது இழுத்து வருவார்கள் என்று காத்திருந்தேன்; வந்துவிட்டது. மந்திரமும் இல்லை, மறைந்துபோன தொழில்நுட்பமும் இல்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் இன்றைய எஃகில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். அது மேற்பரப்பில் இரும்பு பாஸ்பேட் அடங்கிய நெருக்கமான படலத்தை உண்டாக்கியிருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் இதை விரிவாக ஆராய்ந்தார். டெல்லியின் வறண்ட காற்றும் துணைநின்றது. அந்தத் தூணைப் பாம்பனில் நட்டிருந்தால் இவ்வளவு புகழ் பெற்றிருக்குமா என்பது என் ஐயம்.

ஜூன் 15

பாம்பன் என்று சொல்லி வைத்ததால் கேள்விகள். 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம் 2022 டிசம்பர்வரை இரயில்களைத் தாங்கியது. அரிமானத்தில் உலகிலேயே இரண்டாம் இடம் என்று அந்தப் பகுதியைச் சொல்வது வழக்கம்; இடவரிசை எப்படியிருந்தாலும், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தன் அரிமானச் சோதனைத் திடலை மண்டபத்தில் வைத்திருப்பதிலிருந்து அந்தக் காற்றின் குணத்தை ஊகித்துக்கொள்ளலாம். உப்புத் துகள் படிந்த எஃகு மழை பெய்தால்தான் நனையும் என்பதில்லை. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து இரவெல்லாம் மின்பகுளிப் படலத்தை உயிரோடு வைத்திருக்கும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் முழுவதும் பற்றவைத்த இணைப்புகளும் இடம்பெற்றிருக்கின்றன. மூன்றாவதைத்தான் நான் முதலில் கவனித்தேன். தறையாணியும் திருகும் இட்ட இணைப்புகளின் இடுக்குகளில் ஈரம் தங்கும், ஆக்சிஜன் எட்டாது. தொட்டிக்காரரின் சேற்று மூலையேதான்.

ஜூன் 16

கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்டவர் கடற்கரையில் வீடு கட்டுகிறார் போலும். நல்ல கான்கிரீட்டின் துளைகளில் உள்ள நீரின் காரத்தன்மை அதிகம், பிஎச் 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் எஃகின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, ஆனோடு வினையை ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது. குளோரைடு உள்ளே வந்தால் படலம் புள்ளி புள்ளியாக உடையும். உடைந்த புள்ளி ஆனோடு, உடையாத நீளம் முழுவதும் கேத்தோடு. ஜூன் 10ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன சிறிய ஆனோடும் பெரிய கேத்தோடும் இங்கேயும் வந்துவிட்டன. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. கட்டடம் பழுதாவது கம்பி மெலிந்ததால் மட்டும் அன்று.

செய்ய வேண்டியது: கடல் மணலைத் தவிர்ப்பது, உப்பு நீரில் கலவை போடாமலிருப்பது, கம்பிக்கு மேல் கான்கிரீட் கனத்தைக் குறைக்காமலிருப்பது. கம்பியின் கீழே வைக்கும் கவர் பிளாக்கை மிச்சம் பிடிக்கும் மேஸ்திரியிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஜூன் 20

விலகல் என்று தெரிந்தே எழுதுகிறேன். கவரிங் நகைக்கு முலாம் பூசும் பட்டறை வைத்திருப்பவர், தம் தொட்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று கேட்டார். அட்சரம் பிசகாமல் பொருந்தும். தங்கம் சயனைடு குளியலில் ஒற்றை இணைதிறனோடு இருப்பதால், ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் உச்ச அளவாக 7.35 கிராம் படியும். கூடவே ஹைட்ரஜனும் குமிழியிட்டால் அந்தப் பங்கு மின்னோட்டம் தங்கத்துக்குக் கிடைக்காது. ஒரு மைக்ரான் கனத்தில் நூறு சதுர சென்டிமீட்டருக்குத் தேவைப்படும் தங்கம் 0.19 கிராம்தான்.

அணிந்தவர்களின் குறை வேறு: கீறல் விழுந்த இடம் மட்டும் ஏன் இவ்வளவு விரைவில் பச்சையாகிறது? தங்கம் பரந்த கேத்தோடு, கீறலில் தெரியும் செம்பு சிறு ஆனோடு, வியர்வை மின்பகுளி. துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால் நேர்மாறாக நடக்கும். அங்கே கரைவது சுற்றியுள்ள பூச்சு, கீறலில் தெரியும் இரும்பு தப்பும். விலை உயர்ந்த பூச்சு தன் அடியிலிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது, மலிவான பூச்சு காக்கிறது.

மின்கட்டணத்தைத் தராசில் நிறுத்து வாங்கியவர் எடிசன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அவருடைய மின்மானியில் துத்தநாக சல்ஃபேட் கரைசலில் இரண்டு துத்தநாகத் தகடுகள் இருந்தன. வாடிக்கையாளரின் மின்னோட்டத்தில் சிறு பங்கு அதன் வழியே ஓடும். பணியாளர் குறித்த காலத்தில் வந்து தகடுகளை எடுத்துப்போய் எடை பார்ப்பார். வாடிக்கையாளரால் தம் மின்மானியைத் தாமே படித்துப் பார்க்க இயலாது. கட்டணத்தைப் பற்றிய முணுமுணுப்பு அன்றே தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஜூன் 24

வீட்டு எர்த்திங் குழியில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைச் சுற்றி உப்பும் கரியும் கொட்டுவது சரியா என்ற கேள்வி. மின்தடை குறைய வேண்டும் என்ற நோக்கில் சரி. உப்பு மண்ணைக் கடத்தியாக்குகிறது. அரிமான நோக்கில் பார்த்தால், இதைவிடத் திறமையாக அந்தக் குழாயைக் கரைக்க வழி தேடுவது கடினம். உப்பு மின்பகுளி, கரி நல்ல கேத்தோடு, குழாய் ஆனோடு. முதலில் துத்தநாகப் பூச்சு போகும், பிறகு எஃகு. வெளியே தெரியும் பகுதி பளபளப்பாக இருக்க, உள்ளே குழாய் மெலிந்து தொடர்பு அறுந்து கிடப்பதைப் பழைய குழிகளைத் தோண்டியபோது கண்டிருக்கிறேன். பெண்டோனைட் களிமண் நிரப்பலாம்; உப்பு–கரி முறையிலேயே தொடர்ந்தால் ஆண்டுக்கொரு முறை மின்தடையை அளந்து பார்க்க வேண்டும்; தண்ணீர் ஊற்றிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது.

கசியும் வீட்டு மின்சாரம் குழாயைக் கரைக்குமா என்பது இணைந்த கேள்வி. அது மாறுதிசை மின்னோட்டம். ஓர் அரைச்சுற்றில் வெளியேறியதில் பெரும்பகுதி அடுத்த அரைச்சுற்றில் திரும்பிப் படிவதால், அதே அளவு நேர்திசை மின்னோட்டம் செய்யும் கேட்டில் சிறு பங்கே நடக்கும். சிறு பங்கு என்றேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. உயர் அழுத்த மின்தடங்களுக்கு இணையாகப் பல கிலோமீட்டர் ஓடும் குழாய்களில் அதற்கும் தனியாகக் கணக்கு வைத்தோம்.

ஜூலை 1

தொடங்கியவர் திரும்பி வந்திருக்கிறார். இம்முறை கூற்று இல்லை, கேள்வி மட்டும். அவர் வீட்டுக் கீசரைப் பழுது பார்க்க வந்தவர் உள்ளிருந்து ஒரு மெலிந்த, புற்றுப் பிடித்த கம்பியை உருவி, "இது போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றாராம். ஏமாற்றுகிறாரோ என்று ஐயம்.

ஏமாற்றவில்லை. அது மக்னீசியக் கம்பி, கரைவதற்கென்றே வைத்தது. கண்ணாடிப் பூச்சிட்ட எஃகுத் தொட்டியில் பூச்சின் விரிசல்களில் தெரியும் எஃகுக்காக அது கரைகிறது. கணக்கை நீங்களே போடலாம். ஒரு கிராம் மக்னீசியம் கொள்கையளவில் 2.2 ஆம்பியர்-மணி தரும். ஜூன் 11 குறிப்பில் சொன்ன வீண் செலவு போக 1.1 என்று வையுங்கள். கம்பி 200 கிராம் என்றால் 220 ஆம்பியர்-மணி. தொட்டிக்குத் தேவைப்படும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்றால் 22,000 மணி நேரம், அதாவது இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல். பூச்சு பழசாகி எஃகு அதிகம் வெளிப்பட்டால் மின்னோட்டம் கூடும், ஆயுள் குறையும். இரண்டாண்டுக்கு ஒரு முறை மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டுக் கழற்றிப் பாருங்கள்; பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கம்பி முழுவதும் கரைந்த மறுநாளிலிருந்து தொட்டி கரையத் தொடங்கும்.

ஜூலை 2

வீட்டில் தண்ணீரை மென்னீராக்கும் கருவி வைத்திருப்பதாகவும் சொல்கிறார். அப்படியானால் ஆண்டுக்கொரு முறை பாருங்கள். கடின நீர் சூடாகும்போது எஃகின்மேல் சுண்ணாம்புப் படிவு ஏறி, வெளிப்பட்ட இடத்தை ஓரளவு மூடிவிடும். மென்னீரில் அந்தப் படிவு இல்லை, சோடியம் உப்புகளால் நீர் மின்னோட்டத்தைக் கடத்துவதும் குறையவில்லை. கம்பி விரைவில் கரையும்.